அரிசிப் பையில் நாலு பொக்கெட்

கேள்வி: தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் கொழும்பில் கடையில் வேலை. இரண்டு பிள்ளைகள், சீனி வருத்தமுள்ள மாமியார். போன மாதம் மாமியாரின் கிளினிக் திகதியை மறந்துவிட்டேன், கிளினிக் கொப்பியையும் தேடிப் பிடிக்க முடியவில்லை. ஹட்டன் டவுனில் சுவரில் மாட்டும் பை பார்த்தேன், விலை நமக்குக் கட்டாது. வீட்டிலேயே செய்யலாமா? – மஸ்கெலியா வாசகி

பதில்: தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. பிஸ்கட் பெட்டி மட்டையில் மட்டும் செய்யாதீர்கள். ஆடி மழையில் லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டு) சுவர் வேர்த்து மட்டை ஊதிவிடும், கோதுமை மா பசையில் பூஞ்சணம் பிடிக்கும், ஒரு மாதத்தில் நானே தூக்கி எறிந்திருக்கிறேன்.

காலியான 10 கிலோ பிளாஸ்டிக் அரிசிப் பை இரண்டைக் கழுவிக் காய வையுங்கள். பை வாயில் தைத்த நூலைச் சரியான முனையில் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் கழன்று வரும், தைப்பதற்கு அதே நூலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பையை அப்படியே விட்டு, மற்றதில் நாலு துண்டு வெட்டி, மூன்று பக்கமும் சாக்கு ஊசியால் அதன்மேல் தைத்தால் நாலு பொக்கெட். வெட்டிய ஓரம் பிரிந்து வரும், அதனால் மெழுகுவர்த்திச் சுடரில் தொட்டும் தொடாமலும் காட்டினால் ஒட்டிக்கொள்ளும், அந்த நேரம் பிள்ளைகள் கிட்ட வேண்டாம். மேலே ஒரு தடியைச் செருகி, வெளிச்சுவரில் இல்லாமல் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள், அடுப்புப் புகையும் படக்கூடாது.

முதல் பொக்கெட்டில் கிளினிக் கொப்பியே இருக்கட்டும், திகதியை வேறு துண்டில் எழுதி வைத்தால் அந்தத் துண்டையும் தேட வேண்டி வரும். கிளினிக்கால் வந்ததும், குடையை வைக்கும் முன்பே, அடுத்த திகதியைப் பைக்குப் பக்கத்தில் மாட்டிய காலண்டரில் சிவப்பு பேனையால் வட்டம் போடுங்கள். அது போயா நாளாக (பௌர்ணமி விடுமுறை) இருந்தால் அங்கேயே கேட்டு மாற்றிக்கொண்டு வாருங்கள். இரண்டாவதில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்கள், மூன்றாவதில் கரண்ட் பில்லும் சீட்டுக் கணக்கும்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். சம்பளத் துண்டுகளை அதில் போடுங்கள், ஒன்றையும் எறியாதீர்கள். கூடவே பழைய கொப்பித் தாளில் 31 கட்டம் போட்டு, தினமும் மலையால் வந்ததும் முழுப்பேரா (முழு நாள் சம்பளம்) அரைப்பேரா (அரை நாள் சம்பளம்), எத்தனை கிலோ என்று குறித்து வையுங்கள், துண்டு கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்று உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டியிருப்பார்கள், அதையும் பாருங்கள். பேர் குறைந்திருந்தால் வாயால் சொல்வதைவிட, நாள்வாரியாக எழுதிய தாளை நீட்டிக் கேட்பது எவ்வளவோ மேல்.

அப்புறம், ஆணியை மூத்த பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் அடியுங்கள். இரவு சாப்பிட்டதும் நாளைக்கு என்ன இருக்கிறது என்று பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், மாமியாரும் கேட்டுக்கொண்டிருப்பார், தன் கிளினிக் நாளை அவரே ஞாபகப்படுத்துவார்.