இரண்டு மாதக் குட்டி காலையில் தள்ளாடுகிறது, ஏன்?

கேள்வி: எங்கள் பொமரேனியன் குட்டிக்கு இரண்டு மாதம். ராத்திரி சரியாகச் சாப்பிடாவிட்டால் காலையில் தள்ளாடுகிறது, நடுங்குகிறது. நேற்று கால்களை வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு நோயா? அந்த நேரத்தில் பால் புகட்டலாமா? அப்பாவின் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வலிப்பு நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சர்க்கரை இறங்கிப்போவதாகத்தான் தோன்றுகிறது. பொமரேனியன், சிவாவா மாதிரி சின்ன ஜாதிக் குட்டிகளுக்கு மூன்று, நான்கு மாதம் வரை கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு; ஒரு வேளை தவறினாலோ, குளிரில் கிடந்தாலோ, வயிற்றில் புழு இருந்தாலோ, பேதி ஆனாலோ சட்டென்று இறங்கிவிடும். நாய்க்கு டெசிலிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை சரியான அளவு, 60-க்குக் கீழே போனால் கவனிக்கணும், 40-ஐ நெருங்கினால் வலிப்பே வரலாம். குளுக்கோமீட்டரில் பார்க்கலாம், ஆனால் மனிதர்களுக்கான கருவி நாய்க்குப் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தே காட்டும். அதைத் தேடி எடுப்பதில் நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

பால் மட்டும் வேண்டவே வேண்டாம். நினைவு தப்பிய குட்டியால் விழுங்க முடியாது, ஊற்றுவது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். தேனையோ, கெட்டியாகக் குழைத்த குளுக்கோஸ் பவுடரையோ விரலில் தொட்டு, உதட்டைத் தூக்கி வெளிப்பக்க ஈறில் தடவுங்கள் (பற்களுக்கு நடுவே விரல் போக வேண்டாம், இழுப்பு நேரத்தில் கடித்துவிடும்), துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் தலை தூக்கும். நன்றாக விழித்து விழுங்க ஆரம்பித்ததும் உடனே சாப்பாடு கொடுங்கள், தேனின் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும். தெளியவில்லையா, தடவிக்கொண்டே கிளம்புங்கள், டிரிப்ஸில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். தெளிந்து ஓடினாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

அப்புறம், ஒரு நாளைக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள், கடைசி வேளை நீங்கள் படுக்கப் போகும்போது. புழு மருந்து டாக்டர் சொல்லும் கணக்கில் கொடுங்கள். வளர்ந்த பிறகும் தொடர்ந்தால் கல்லீரலில் பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் 'சர்க்கரை இல்லாத' சூயிங்கம் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் பல வகைகளில் இருக்கும் சைலிடால் என்ற இனிப்புப் பொருள் நமக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கோ இன்சுலினைக் கொட்ட வைத்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சர்க்கரையைத் தரைமட்டமாக்கிவிடும். தின்றது தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.