பிக்கப் கேபினில் சப்-ஊஃபர் பாக்ஸ்: கேட்டதும் சொன்னதும்

காட்பாடியிலிருந்து: அண்ணா, என்னோடது பொலேரோ பிக்கப், ஒத்தை கேபின். சீட்டுக்குப் பின்னாடி 10 இன்ச் ஊஃபர் (அடித்தள ஒலி தர்ற பெரிய ஸ்பீக்கர்) போடணும். கடையில இருக்குற ரெடிமேட் பாக்ஸ் எதுவும் உள்ள போகல. ஆசாரிகிட்ட என்ன அளவு சொல்றது?

தம்பி, ஆசாரியிடம் போகுமுன் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, பாக்ஸ் மாதிரி ஒன்று செய்து சீட்டுக்குப் பின்னால் சொருகிப் பாருங்கள். சீட் நீங்கள் ஓட்டும் நிலையிலேயே இருக்கட்டும். சீட்டின் முதுகு சாய்ந்திருப்பதால் கீழே ஆழம் அதிகமாகவும் மேலே குறைவாகவும் கிடைக்கும். அகலம் 90 செ.மீ., உயரம் 36, ஆழம் கீழே 18, மேலே 10 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. பலகை போக உள்ளே 86.4 × 32.4, சராசரி ஆழம் 10.4. ஆக 29 லிட்டர். ஊஃபருக்கு 2, உள்ளே வைக்கும் குறுக்குக் கட்டைக்கு 1 கழித்தால் 26 லிட்டர் மிச்சம். பெரும்பாலான 10 இன்ச் ஊஃபருக்கு மூடிய பாக்ஸில் 17 முதல் 28 லிட்டர் போதும். ஆனாலும் உங்கள் ஊஃபரோடு வந்த தாளில் போட்டிருக்கும் அளவே கடைசி வார்த்தை.

ஊஃபர் குறைந்த ஆழமுள்ள ரகமாக இருக்கட்டும். காந்தத்தின் பின்புறத்துக்கும் பலகைக்கும் நடுவே 2.5 செ.மீ.யாவது காற்று போக இடம் வேண்டும். "ஒரு இன்ச் முன்னபின்ன இருந்தா என்னப்பா" என்று ஆசாரி சொல்வார். கட்டிலுக்கு அது சரி. இந்தப் பாக்ஸில் ஆழம் ஒரு இன்ச் குறைந்தால் 7 லிட்டர் போய்விடும்.

ஆற்காட்டிலிருந்து: ஓட்டை வச்ச பாக்ஸ்லதான் பேஸ் அதிகம்னு சொல்றாங்களே, நான் அதையே போட்டுடவா சார்?

லோடு பாடியில் வைப்பதானால் போடுங்கள். கேபினுக்குள் வேண்டாம். ஒத்தை கேபின் சின்ன அறை. கண்ணாடியை ஏற்றினால் அடித்தள ஒலியை அதுவே தூக்கிக் கொடுக்கும். அதன்மேல் ஓட்டை வைத்த இந்தப் போர்ட் பாக்ஸையும் வைத்தால் ஒரே சுருதியில் 'பூம் பூம்' என்று இடிக்கும், தவிலடி தனியாகக் கேட்காது. இடமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கும்.

ஆம்பூரிலிருந்து: எம்.டி.எஃப். நல்லதா, பிளைவுட்டா? பாக்ஸ்ல காத்து லீக் ஆகுதான்னு எப்படிப் பார்க்கிறது?

ஒலிக்கு 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அருமை, தண்ணீர் பட்டால் பொரி மாதிரி ஊதிவிடும். ஐப்பசி மழையில் ஈரக்காலோடு ஏறும் வண்டி என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். இரண்டிலும் 3 மி.மீ. துளை போட்ட பிறகே 50 மி.மீ. ஸ்க்ரூவை இறக்க வேண்டும், 10 செ.மீ.க்கு ஒன்று. துளையில்லாமல் எம்.டி.எஃப். விளிம்பில் முடுக்கினால் பலகை பிளந்துகொள்ளும். மூட்டு முழுக்கப் பசை தடவுங்கள். ஸ்க்ரூ பசை காயும்வரை பிடித்துக்கொள்ளத்தான். உள்மூலைகளில் சிலிக்கான் விட்டு ஒரு நாள் திறந்து வையுங்கள். வினிகர் வாடை போகாமல் ஊஃபரை மூடினால் அதன் ரப்பர் விளிம்பு கெடலாம்.

ஊஃபரை மாட்டியபின் கூம்பை இரு கையாலும் மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பினால் பாக்ஸ் இறுக்கம். 'புஸ்' சத்தம் வந்தால் அங்கே சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி இடத்தைக் காட்டும். பெரும்பாலும் ஒயர் வெளியே வரும் துளைதான் குற்றவாளி.

ராணிப்பேட்டையிலிருந்து: 500 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல 'கீ'ன்னு சத்தம் ஏறுது. பேட்டரிலருந்து இழுத்த ஒயர் கையில தொட்டா சுடுது.

ஒயர் சுடுவதை முதலில் பாருங்கள், அது தீப்பிடிக்கிற விஷயம். நிஜமாகவே 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (விடாமல் தரும் சக்தி) தரும் கிளாஸ் டி ஆம்ப் (கரண்டை அதிகம் வீணாக்காத ரகம்), முழுச் சத்தத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கு 4 கேஜ் செம்பு ஒயர் வேண்டும், ஏறத்தாழ 21 சதுர மி.மீ. உங்கள் ஒயரின் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். தடிமன் ஏமாற்றும், கரண்ட் தாங்காது. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். இது காப்பாற்றுவது ஒயரை, ஆம்ப்பை அல்ல. என்ஜின் பக்கமிருந்து கேபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் வாஷர் போடாவிட்டால், ஓட ஓட தகடு ஒயரின் தோலை அறுத்துவிடும்.

'கீ' சத்தத்துக்கு அநேகமாக, ஆம்ப்பிலிருந்து வண்டித் தகட்டில் மாட்டும் எர்த் ஒயரே காரணம். பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள். தகடு பளபளக்கச் சுரண்டி, அதே தடிமன் ஒயரை அரை மீட்டருக்குள் முடித்துப் போல்ட் போடுங்கள். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயர் வண்டியின் ஒரு பக்கம், பவர் ஒயர் மறுபக்கம்.

வாணியம்பாடியிலிருந்து: ஊஃபர்ல இரட்டை 4 ஓம் காயில். எப்படி இணைக்கிறது? கெயினை எவ்வளவு வைக்கணும்?

பேரலல் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) என்றால் 2 ஓம், சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக) என்றால் 8. ஆம்ப் 2 ஓம் தாங்கும் என்று அதன் தாளில் இருந்தால் மட்டும் பேரலல். கெயினை (ஆம்ப் ஒலியைத் தூக்கும் அளவு) காதால் வைக்காதீர்கள். ஊஃபரைக் கழற்றி, பேஸ் பூஸ்டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டுங்கள். வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். 300 வாட்ஸ், 2 ஓமுக்கு 24.5. ஆம்ப்பில் ஊஃபர் ஒயர் மாட்டும் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, கெயினை மெல்லத் திருப்புங்கள்; அதைக் காட்டியதும் நிறுத்துங்கள். லோ பாஸ் (அதற்கு மேலான ஒலியை ஊஃபருக்கு விடாத வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து: குட்டி யானையில (டாடா ஏஸ்) ஆம்ப்பைச் சீட்டுக்கு அடியில வைக்கலாமா?

வேண்டாம். அங்கே கீழே என்ஜின். மே மாத வெயிலும் அந்தச் சூடும் சேர்ந்தால் ஆம்ப் சூடேறி அடிக்கடி கட் ஆகும்.

குடியாத்தத்திலிருந்து: கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு லோடு பாடியில ஒரு 12 இன்ச் வைக்கணும் அண்ணா.

திறந்தவெளியில் கேபின் தரும் உதவி கிடையாது, அதனால் இங்கே போர்ட் பாக்ஸ். காற்றுக்கு மட்டும் 50 லிட்டர், ஊஃபருக்கும் குழாய்க்கும் 6 கூட்டி உள்ளளவு 56. 4 இன்ச் பி.வி.சி. குழாயின் உள்விட்டம் 10 செ.மீ. என்றால் 31 செ.மீ. நீளம் வெட்டுங்கள், பாக்ஸின் சுருதி 35 ஹெர்ட்ஸில் நிற்கும். குழாயின் உள்முனைக்கும் எதிர்ப் பலகைக்கும் 10 செ.மீ. இடைவெளி. என்ஜினை அணைத்துவிட்டுப் பாடவிட்டால் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை, 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி.

பள்ளிகொண்டாவிலிருந்து: பாக்ஸை எதுல பிடிக்க வைக்கிறது? டபுள் டேப் போதுமா?

இந்த ஊர் வெயிலில் டேப் இளகிவிடும். பாக்ஸும் ஊஃபரும் சேர்ந்து 18 கிலோவுக்குக் குறையாது. பைபாஸில் திடீர் பிரேக் போட்டால் அது நேராக உங்கள் முதுகுக்குத்தான் வரும். நான்கு எல் கிளாம்ப், 8 மி.மீ. போல்ட், தகட்டுக்கு அடியில் அகல வாஷர். தரையில் துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் குழாயும் ஒயர் கட்டும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது.