எலக்ட்ரிக் கிட்டாரை பேஸ் ஆக்க முடியுமா?

கேள்வி: சும்மா கிடக்கும் ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கிறேன். தடிமனான கம்பி கட்டி, பேஸ் கிட்டார் மாதிரி சுருதியை இறக்கி வாசிக்கலாமா? எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: இறக்கலாம். ஆனால் பேஸ் வரைக்கும் போக வேண்டாம், தடித்த இ கம்பியை பி சுருதிவரை இறக்குவதோடு நின்றுகொள்ளுங்கள்.

கிட்டாரின் தடித்த இ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸின் இ அதில் சரிபாதி, 41. பேஸில் கம்பி நீளம் பொதுவாக 34 அங்குலம். உங்கள் கிட்டாரில் 25 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குட்டை நீளத்தில், இப்போதுள்ள இறுக்கத்தோடே 41 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் கம்பி இரண்டு மடங்கு தடிமனாக வேண்டும். 46 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இருக்கும் இடத்தில் 92. அது ட்யூனர் (கம்பியை முறுக்கும் திருகு) துளையில் நுழையாது. நுழைத்தாலும் ஒலி மந்தமாக, சுருதி கலங்கித்தான் கேட்கும். பழைய கம்பியையே தளர்த்தி வைத்தால் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அடித்து கடகடக்கும்.

பி வரை இறக்குவது வேறு கதை. தடித்த கம்பியிலிருந்து பி, இ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி. இதைத்தான் பாரிடோன் ட்யூனிங் என்கிறோம். 13 முதல் 62 வரையுள்ள செட் வாங்கினால், 10–46 செட்டில் பழகிய அதே இறுக்கம் ஏறக்குறையக் கையில் கிடைக்கும். மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாவது கம்பி, மேலே உலோக இழை சுற்றிய சுற்றுக்கம்பியாக இருக்கட்டும்.

வேலை அதிகம் பிடிப்பது நட்டில்தான், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள சிறு பட்டையில். 46-க்கு வெட்டிய பள்ளத்தில் 62 உட்காராது, மேலே ஏறி நிற்கும். ட்யூனரைத் திருகும்போது 'டிக்' என்று சத்தம் வந்து சுருதி தாவினால் கம்பி அங்கே மாட்டுகிறது என்று அர்த்தம். பள்ளத்தை அகலப்படுத்துங்கள், ஆழப்படுத்தாதீர்கள். அகலமாக்கியதைத் திரும்பக் குறுக்க முடியாது என்பதால், தனியாக ஒரு நட் வாங்கி அதில் வெட்டுவதே என் யோசனை. மிச்சக் கம்பியை நறுக்குமுன் செங்கோணமாக மடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேல்சுற்று தளர்ந்து கம்பி உயிரில்லாமல் போகலாம்.

அப்புறம் இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வருவது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வரும் ஸ்வரம் அங்கேயே எடுக்கும் ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) ஏறியிருந்தால் சாடிலை, அதாவது உடல்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டை, நட்டிலிருந்து விலகும்படி பின்னுக்குத் தள்ளுங்கள். தடித்த கம்பிக்கு இடம் போதாமல் போகும். அப்போது சாடில் திருகில் உள்ள சிறு ஸ்பிரிங்கைக் கழற்றினால் இன்னும் கொஞ்சம் நகரும். நெக் (கழுத்து) வளைந்தால், அதனுள் உள்ள டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டை ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம்.

இல்லை, எனக்குப் பேஸ் ஒலியேதான் வேண்டும் என்றால் கிட்டாரைத் தொடவே வேண்டாம். ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தரும் ஓர் ஆக்டேவ் பெடல் போதும். ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டும் வாசியுங்கள், பல கம்பிகளைச் சேர்த்து கார்டு போட்டால் பல பெடல்கள் குழம்பிவிடும். பேஸ் ஆம்ப் கிடைத்தால் அதில் இணையுங்கள். கிட்டார் ஆம்பாக இருந்தால் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள், அதன் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டதல்ல.