ஏர்கன்னுக்குக் குழல் தேடும் முன் தீவன அறையைப் பாருங்கள்

கேள்வி: அய்யா, வணக்கம். எனக்கு ஊர் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் பக்கத்துல. கலப்பின மாடு நாலு கறக்குது. தீவன அறையில எலி தாங்க முடியல. அதுக்காக .177 மடக்கு ஏர்கன் ஒண்ணு வாங்கி, சாயங்காலம் ரெண்டு மூணு எலி சுடுறேன். சத்தத்துல மாடு மிரண்டு பாலை அடக்கிக்கிது. எங்க பக்கம் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுறதில்ல, அதனால ஊர்லயும் சடச்சுக்கிறாங்க. கடைக்காரர் சத்தம் குறைக்கிற குழல் மூணு தினுசு காட்டுறாரு: ஸ்க்ரூ வச்சு இறுக்குற அலுமினியம் ஒண்ணு, பிளாஸ்டிக் ஒண்ணு, பேரல்ல மரை வெட்டி மாட்டுறது ஒண்ணு. எதை வாங்குறது, எப்படி மாட்டுறது? வாரம் ஒரு தடவை தேங்காயெண்ணெய் விட்டுத்தான் வச்சிருக்கேன், இருந்தும் சில நேரம் புகை வந்து பட்டாசு மாதிரி வெடிக்குது. போன மாசம் ஒரு மாடு ஏழு மாசத்துல கன்னு வீசிருச்சு, அது வேற விஷயம்.

பதில்: கடைசி வரியை "வேற விஷயம்" என்று தள்ளிவிட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் தேங்காயெண்ணெய்.

உங்கள் ஏர்கன் வெடிப்பதற்கு அந்த எண்ணெய்தான் காரணம். ஸ்பிரிங் விடுபட்டதும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நொடிப்பொழுதில் நசுக்குகிறது. நசுங்கிய காற்று கொதிக்கும். அதில் எண்ணெய்ப் பசை இருந்தால், டீசல் எஞ்சினில் நடப்பது அப்படியே இங்கும் நடக்கும்: தீப்பற்றி, டப்பென்று வெடித்து, பேரல் வாயில் புகை வரும். எந்தக் குழலை மாட்டினாலும் இந்த வெடிப்பு தீராது. பிஸ்டன் சீலும் ஸ்பிரிங்கும்தான் சீக்கிரம் போகும். தேங்காயெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், பைக் ஆயில் எதுவும் அழுத்த அறைக்குள் போகக் கூடாது. பேரலைக் காய்ந்த துணித் துண்டுகளால் நாலைந்து முறை இழுத்துத் துடையுங்கள். பிறகு சற்று எடை கூடிய ரவையில் இருபது முப்பது சுட்டால் புகை படிப்படியாக நிற்கும். நிற்காவிட்டால் உள்ளே தேங்கியிருக்கிறது என்று பொருள். கழற்றித்தான் கழுவ வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சாதனம் இல்லாமல் பின்மூடியைத் திறந்தால் அது முகத்தில் அடிக்கும். உள்ளே இருப்பது தோல் வாஷர் என்றால் அதற்கு மட்டும் எப்போதாவது ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய். பாலிமர் சீல் என்றால் ஒன்றும் வேண்டாம். ஸ்பிரிங் "டொய்ங்" என்று அதிர்ந்தால், கழற்றும்போதே அதன் மேல் மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவச் சொல்லுங்கள். அந்த அதிர்வுச் சத்தம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

குழல் விஷயத்தில் கடைக்காரர் உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. சேமித்த காற்றில் சுடும் பிசிபி வகையில் அதிக அழுத்தக் காற்று வாய்வழியே வெடித்து வெளிவரும்; அங்கே குழல் நன்றாக வேலை செய்யும். உங்களுடையது பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை. வாய்வழி வரும் காற்று கொஞ்சம்தான். சத்தத்தில் பெரும்பங்கு பிஸ்டன் மோதுவதும் ஸ்பிரிங் அதிர்வதும், அதாவது உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிறப்பது. வாயில் எவ்வளவு நீளக் குழலை மாட்டினாலும் கன்னத்தில் பிறக்கும் சத்தம் குறையாது. சந்தேகமிருந்தால் வேறொருவரைச் சுடச் சொல்லிவிட்டு, மாடு கட்டும் இடத்தில் நின்று நீங்கள் கேளுங்கள். அங்கே ஓங்கிக் கேட்பது பெரும்பாலும் துப்பாக்கியாக இருக்காது, தகரத்தில் ரவை அடிக்கும் சத்தமாக இருக்கும்.

ஆகவே எலி வரும் வழிக்குப் பின்னால் ஈர மணல் நிரப்பிய சாக்கை இரண்டு அடுக்காகச் சாத்துங்கள். தகரமும் சிமெண்டுச் சுவரும் சத்தமிடுவதோடு ரவையையும் திருப்பி அனுப்பும். மாட்டின் கண்ணும் உங்கள் கண்ணும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. "அதிவேகம்" என்று விற்கும் மெல்லிய உலோகக் கலவை ரவையையும் விடுங்கள். 20 ஜூல் சக்தியில் 0.32 கிராம் ரவை நொடிக்கு 350 மீட்டரைத் தொடும். அது ஒலியின் வேகத்தைத் தாண்டியது, அந்தச் சொடுக்குச் சத்தத்தை எந்தக் குழலும் பிடிக்காது. 0.55 கிராம் ரவை அதே சக்தியில் 270 மீட்டர்தான் போகும், சொடுக்கும் கிடையாது.

கேட்டதற்காகக் குழலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே தடுப்புத் தட்டுகள் இல்லாத வெற்று அலுமினியக் குழல் அலங்காரச் சாமான். .177 என்பது 4.5 மி.மீ.; அந்த ரவைக்குக் குழலின் துளை 6 முதல் 7 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதானால் ரவை உரசும், பெரிதானால் பலன் போகும். மரை வகையில் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை என்பது பொதுவான அளவு. ஆனால் லேத் பட்டறையில் பேரலின் வெளிச்சுற்றை வைத்து மரை வெட்டித் தருவார்கள். துளையின் நடுவும் வெளிச்சுற்றின் நடுவும் எல்லாப் பேரலிலும் ஒன்றாக இருப்பதில்லை. மரை துளையை வைத்து வெட்டப்பட வேண்டும். ஸ்க்ரூ வகைக்கு, பேரல் நுனியில் குறி பார்க்க இருக்கும் முன் சைட்டைக் கழற்ற வேண்டும். மூன்று ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் குழல் சாயும். மாட்டிய பின், ரவை போடாத, ஸ்பிரிங் ஏற்றாத துப்பாக்கியில் 4 மி.மீ. நேர் கம்பியை வாய்ப்பக்கமிருந்து உள்ளே விட்டுப் பாருங்கள். கம்பி துளையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டினால் ரவை தடுப்பைச் சுரண்டும், அட்டையில் ஓட்டை நீள்வட்டமாக விழும். மடக்கு வகையில் இன்னொரு சிக்கல்: நூறு கிராம் நுனியில் தொங்கினாலே குறி மாறும், மறுபடி குறி சேர்க்க வேண்டும். குழலைப் பிடித்து மடக்கினால் நாலே நாளில் ஸ்க்ரூ நழுவும்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் முடிவு: வாங்காதீர்கள். 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம், சரி. ஆனால் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியை ஆயுத விதிகள் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டவற்றின் வரிசையில். "இது ஏர்கன்னுக்குத்தான், பயமில்ல சார்" என்று விற்பவர் நாளைக்கு ஸ்டேஷனுக்கு உங்களோடு வர மாட்டார். அதுவும் உங்களுக்கு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் கூப்பிடு தூரம். 1977 முதல் சரணாலயம் அது. நாரையும் அரிவாள் மூக்கனும் வந்து அடையும் கண்மாய்ப் பக்கம் சத்தமில்லாத துப்பாக்கியோடு ஒருவர் நடந்தால், எலிக்குத்தான் என்று யார் நம்புவார்கள்? வெடி போடாத ஊரில் பிறந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மாடு பாலை அடக்குவதற்கு வழி நேரத்தில் இருக்கிறது. மடியைக் கழுவித் தொட்டதும் சுரக்கும் ஆக்சிடோசின்தான் பாலை இறக்குகிறது. மிரண்ட மாட்டுக்கு அட்ரினலின் ஏறும், அது அந்த வேலையைத் தடுத்துவிடும். கறந்து முடிக்கும்வரை பால் இறங்காது. அடங்கிய பால் மடியில் தங்கினால் மடிநோய்க்கு இடம். கறவைக்கு முன் ஒரு மணி நேரம் தொழுவத்தில் எந்தச் சத்தமும் வேண்டாம். ரவை தொட்ட கையால் மடியைத் தொடாதீர்கள், அது ஈயம். தரையில் சிதறிய ரவை தவிட்டிலோ வைக்கோலிலோ விழுந்தால் மாடு தின்னும், வயிற்றில் தங்கிக் கரையும். சைலேஜில் (புளிக்க வைத்த பசுந்தீவனம்) விழுந்தால் அந்தப் புளிப்பிலேயே ஈயம் கசிய ஆரம்பிக்கும்.

இப்போது நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: எலி ஏன் உங்கள் தீவன அறைக்கு வருகிறது? மூட்டை தரையில் இருக்கிறது, சுவரை ஒட்டி இருக்கிறது, வாய் பிரிந்து இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் எழுதாவிட்டாலும் அடித்துச் சொல்வேன். பெண் எலி மூன்று வாரத்தில் ஆறு முதல் பத்துக் குட்டி போடும், போட்ட ஒன்றிரண்டு நாளில் மறுபடி சினையாகும். நீங்கள் ராத்திரிக்கு மூன்று சுடுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எலி நாளைக்கு 20, 25 கிராம் தின்னும். அதைவிட அதிகத் தீவனத்தை மூத்திரமும் புழுக்கையும் விட்டுக் கெடுக்கும். அதை மாட்டுக்குத்தான் போடுகிறீர்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் நெல்லைத் தரையில் போட்டதில்லை. குதிரிலும் களஞ்சியத்திலும் உயரத்தில்தான் இருந்தது. தீவனம் மட்டும் பிளாஸ்டிக் சாக்கில் வந்து இறங்கியதும் அந்த வழக்கம் போய்விட்டது. நீங்கள் செய்ய வேண்டியது: 200 லிட்டர் இரும்பு டிரம், மேல்வாய் முழுதும் திறந்து, வளையம் போட்டுப் பூட்டும் மூடியோடு. கலப்புத் தீவனமானால் ஒன்றில் 50 கிலோ மூட்டை இரண்டு பிடிக்கும், தவிடு அவ்வளவு பிடிக்காது. நாலு மாட்டுக்கு மூன்று டிரம் போதும்: கலப்புத் தீவனம், தவிடு, புண்ணாக்கு. பூச்சிமருந்தோ ரசாயனமோ வந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். சமையல் எண்ணெய் வந்ததை வாங்குங்கள். வாங்கியதும் வெயிலில் திறந்து வையுங்கள், ஈரம் இருந்தால் தீவனம் பூசணம் பிடிக்கும். அடியில் செங்கல் வைத்து ஒரு சாண் உயர்த்தி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்துங்கள், அந்த இடைவெளியில் விளக்குமாறு நுழைய வேண்டும். மூட்டையை அப்படியே டிரம்முக்குள் இறக்காதீர்கள், பிரித்துக் கொட்டுங்கள். சாக்கின் மடிப்பில்தான் பழைய தூள் தங்கிப் பூசணம் தொடங்கும். பழையது தீர்ந்த பிறகுதான் புதியது. இரவு தொட்டியில் மிச்சம் விடாதீர்கள். டிரம் மூன்றும் வந்த இரண்டே வாரத்தில் எலியின் நடமாட்டம் மாறுவதைப் புழுக்கையை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

அதன் பிறகு ஓட்டை. அரை அங்குலத்துக்கு மேல் எந்தத் துளையிலும் எலி நுழையும். கால் அங்குல ஜி.ஐ. வலை, சிமெண்டில் கண்ணாடித் தூள், சாக்கடை வாயில் கம்பித் தட்டி. நாட்டு ஓட்டுக்கும் கைமரத்துக்கும் இடையில் உள்ள சந்தை அடைப்பது வீண்செலவு. தீவனம் இல்லாவிட்டால் அங்கிருக்கும் எலி தானே இறங்கிப் போகும்.

மிஞ்சும் எலிக்கு அடிப்பொறி. பத்துப் பன்னிரண்டு பொறியை ஒரே நாளில் வைக்க வேண்டும், ஒன்றிரண்டு வைத்தால் எலிக்குப் பாடம் நடத்துகிறீர்கள். சுவருக்குக் குறுக்காக, இரை வைக்கும் பக்கம் சுவரைத் தொட்டபடி. முதல் மூன்று இரவு ஸ்பிரிங்கை ஏற்றாமல் சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாட்டுத் துண்டோ மட்டும் வையுங்கள். புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்குவது எலியின் குணம். நாலாம் இரவு எல்லாவற்றையும் ஏற்றுங்கள். மாடு மிரளாது, ஊர் சடைக்காது. குழலுக்கு நீட்டிய காசில் பொறி வாங்கலாம்.

எலிப்பசை விற்பவரிடம் மட்டும் போகாதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு முறிவு மருந்தே இல்லை, தீவன அறைக்கும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் அது ஆகாது. நஞ்சு தின்று தள்ளாடும் எலியைக் கூகை பிடித்தால் கூகையும் சாகலாம். ஈய ரவை பட்ட எலியை வயலில் வீசினால், அதைத் தின்னும் பறவைக்கும் ஆபத்து.

இனி அந்த ஏழு மாதக் கன்று. எலி மூத்திரம் கலந்த தீவனமும் தண்ணீரும் தின்ற மாட்டுக்கு எலிக்காய்ச்சல் வரும். சினை மாடு பிந்தைய மாதங்களில் கன்று வீசுவது, அதாவது கருச்சிதைவு, அதன் முக்கிய அறிகுறி. புருசெல்லா என்ற தொற்றுநோயாகவும் இருக்கலாம், அதுவும் ஐந்து மாதத்துக்கு மேல்தான் வீசும். பார்வையில் பிரிக்க முடியாது. கால்நடை மருத்துவரிடம் இரண்டுக்கும் ரத்த மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு மாதிரி. மற்ற மூன்று மாடுகளுக்கும் சேர்த்து. அதுவரை அந்த மாட்டைத் தனியே கட்டிக் கடைசியில் கறவுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் வீட்டில் யாரும் குடிக்க வேண்டாம், மோருக்கும் அதே விதி. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டிருந்து, உங்களுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்திருந்தால் மருத்துவரிடம் போகும்போது மாட்டைப் பற்றியும் எலியைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.