பழைய டோனட் கருவிக்கு எந்த மாவு?

கேள்வி: பாட்டியின் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு பழைய அலுமினியக் கருவி கிடைத்தது. கூம்பு போல இருக்கிறது. மேலே உள்ள குமிழை அமுக்கினால் அடியிலிருந்து டோனட் மாவு வளையமாக விழுமாம். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை நிரப்பினேன், அசையவே இல்லை. பால் ஊற்றித் தளர்த்தினால் நடுவில் ஓட்டை இல்லாமல் சப்பையாக விழுகிறது, உள்ளே வேகவும் இல்லை. கருவி கெட்டுவிட்டதா?
- ஒரு வாசகி

பதில்: தயவுசெய்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாவுதான் அதற்குப் பொருந்தவில்லை. ஈஸ்ட் மாவு தேய்த்து வெட்டுவதற்கானது. அப்படி வெட்டும் அச்சுக்கு ஜான் பிளாண்டெல் என்பவர் 1872இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். உங்களுடையது வேறு வகை. பேக்கிங் பவுடர் சேர்த்த, தளர்வான கேக் டோனட் மாவுதான் அதற்குச் சரி.

குமிழை அமுக்கும்போது நடுக்கம்பியின் நுனியில் உள்ள வட்டத் தட்டு இறங்கும், அதைச் சுற்றி மாவு வழியும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் தட்டை மேலே இழுத்து மாவைக் கத்தரித்துவிடும். தட்டு மறைக்கிற இடம்தான் ஓட்டை. எனவே மாவு தானாக வழியவும் வேண்டும், விழுந்த பிறகு பரவி ஓட்டையை மூடிவிடவும் கூடாது.

நான் வைக்கும் அளவு இது: மைதா 250 கிராம், சர்க்கரை 100 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், முட்டை 1, பால் 180 மில்லி, உருக்கிய வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். மைதா சேர்ந்தபின் அதிகம் அடித்தால் டோனட் ரப்பர் மாதிரி ஆகிவிடும்; கலந்ததும் நிறுத்திப் பத்து நிமிடம் வையுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுத் திரளாக விழ வேண்டும். ஒழுகினால் ஒரு ஸ்பூன் மைதா, விழ மறுத்தால் ஒரு ஸ்பூன் பால்.

எண்ணெய் 180 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். அதைவிடக் காய்ந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். குறைந்தால் எண்ணெயைக் குடிக்கும். ஓட்டை மூடிப்போனால் நடுப்பகுதி வேகத் தாமதமாகும் என்பதையும் கவனியுங்கள். ஒரே நேரத்தில் மூன்று நான்குக்கு மேல் போடாதீர்கள், சூடு இறங்கிவிடும்.

கருவியை எண்ணெய்க்கு மேல் 3, 4 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து அமுக்குங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் எண்ணெய் தெறிக்கும். வளையம் விழுந்ததும் கையை விலக்கிக்கொள்ளுங்கள்: ஆவியில் அலுமினியம் சூடாகித் தட்டின் ஓரத்து மாவு வெந்து ஒட்டும், அடுத்த வளையம் ஒரு பக்கம் அறுந்து விழும். அப்புறம், கழுவிய கருவியில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. கொதிக்கும் எண்ணெயில் நீர் விழுவது ஆபத்து.

கேள்வி: டோனட்டில் சர்க்கரையை எப்போது தூவுவது?
- இன்னொரு வாசகர்

பதில்: சாதாரணச் சர்க்கரை என்றால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே புரட்டுங்கள், நன்றாக ஒட்டும். பொடித்த சர்க்கரை சூட்டில் உருகி மறைந்துவிடும், முழுவதும் ஆறட்டும்.