நந்தாதேவிக்குப் போகும் வழி: சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

இமயத்தில் உத்தராகண்ட் பகுதியில் இருக்கும் நந்தாதேவி மலையைப் பற்றியும் அதைச் சுற்றி மூடிக்கிடக்கும் வனத்தைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

அண்ணா, கோர்பு மலை ஏறி இறங்கிவிட்டோம். அடுத்து நந்தாதேவி அடிவாரம் வரை போகலாமா? – டோவன்பி தோட்ட இளைஞர்கள்

அடிவாரத்துக்குப் போக முடியாது, தம்பிகளே. 1982-இல் மலையைச் சுற்றியுள்ள உள்பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே மலையேறிகளுக்கும் மேய்ப்பர்களுக்கும் கதவை மூடினார்கள். அதன்பின் உள்ளே போனவர்கள் சிறப்பு அனுமதி பெற்ற சில குழுக்கள்தான். நமக்குத் திறந்திருப்பது வெளிவாசல் மட்டும்: லாத்தா கிராமத்தில் தொடங்கி, லாத்தா கரக், தரான்சி கணவாய் வழியாகத் திப்ருகேட்டா வரை. ஜோஷிமட்டிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், உள்ளூர் வழிகாட்டி உடன் வர வேண்டும். போய்த் திரும்ப ஒரு வாரமாவது பிடிக்கும்.

அப்படி என்ன புகுவதற்கு அரிய இடம்? – படிவம் ஐந்து மாணவி, சுங்கை சிப்புட்

நந்தாதேவியின் உயரம் 7,816 மீட்டர். அதைச் சுற்றி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிகரங்கள் கோட்டைமதில் போல நிற்கின்றன. அந்த மதில் எங்குமே 5,000 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. மேற்கே ரிஷிகங்கை ஆறு அறுத்துக்கொண்டு வெளியேறும் ஒரே ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, கீழே வெள்ளம்.

1883-இல் கிரஹாம் என்ற ஆங்கிலேயர் சுவிஸ் வழிகாட்டிகளோடு அந்த இடுக்கில் நுழைந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். 1905-இல் லாங்ஸ்டாஃப் என்ற மலையேறி கிழக்கு மதிலின் மேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார், ஆனால் இறங்க வழியில்லை. ஹியூ ரட்லெஜ் என்ற இன்னொருவர் பலமுறை முயன்றும் நடக்கவில்லை. 1934-இல்தான் எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்ற இருவரும் ஆங்தார்க்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்ப்பாக்களும் உள்ளே போய்ச் சேர்ந்தார்கள். இடுக்கின் கடைசி ஆறேழு கிலோமீட்டரைக் கடக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பாறை விளிம்பில் பாதம் அளவுக்குத்தான் இடம். ஒரு மூட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்த மூட்டைக்காகத் திரும்பி வர வேண்டும். ஒரே விளிம்பில் எத்தனை முறை நடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கண்டுபிடித்தது எல்லாம் வெள்ளைக்காரத் துரைகள்தானா? – எல்பில் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர்

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஷிப்டனும் டில்மனும் உண்மையிலேயே தோட்டத் துரைகள். கென்யாவில் தோட்டம் நடத்தும்போதுதான் இருவரும் பழக்கமானார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சிக்கனமாகப் போனார்கள், தாங்களும் மூட்டை தூக்கினார்கள், கூட வந்தவர்களின் பெயரை மறைக்கவில்லை. ஆங்தார்க்கே பின்னாளில், 1950-இல் அன்னபூர்ணா ஏறிய பிரெஞ்சுக் குழுவுக்கு ஷெர்ப்பாக்களின் தலைவராக இருந்தார்.

ஆனால் 1936 ஆகஸ்ட் 29-இல் டில்மனும் ஓடெல் என்ற அவருடைய கூட்டாளியும் நந்தாதேவி உச்சியில் நின்றதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதே பயணத்தில் கிதார் என்ற ஷெர்ப்பா நோயில் விழுந்து அடிமுகாமிலேயே இறந்துபோனதை எழுதுபவர்கள் குறைவு. காட்டை வெட்டியவர் யார், பலகையில் பெயர் யாருடையது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலை வரலாற்றைப் படிக்கும்போது மூட்டை யார் முதுகில் இருந்தது என்று தேடிப் படியுங்கள்.

மூடியது நல்லதா, கெட்டதா? – ஆசிரியை, லிந்தாங்

இரண்டும்தான், டீச்சர். 1974-இல் வெளிநாட்டுக் குழுக்களுக்குத் திறந்துவிட்டபின் கூட்டம் அலைமோதியது. நூற்றுக்கணக்கான சுமைகூலிகள் சமையலுக்கு ஜூனிபர் புதர்களை வெட்டினார்கள். குப்பை மலையாய்க் குவிந்தது, கஸ்தூரி மானும் நீல ஆடும் வேட்டையானது. மூடியபின் காடு தேறியது. 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாகவும் அறிவித்தது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அதே 1974 மார்ச்சில், லாத்தாவுக்குப் பக்கத்திலுள்ள ரேணி கிராமத்தில் கௌராதேவி தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்து நின்று, வெட்ட வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். சிப்கோ இயக்கம் என்று உலகமே கொண்டாடியது. பத்து ஆண்டு முடிவதற்குள், காட்டைக் காப்பாற்றிய அந்த மக்களையே காட்டுக்குள் வராதே என்று சட்டம் சொன்னது. ஆட்டு மந்தைக்கு மேய்ச்சல் போனது, மூலிகை போனது, சுமைகூலி வேலையும் போனது. 1998-இல் லாத்தா மக்கள் தடையை மீறி உள்ளே நடந்து போராடினார்கள். இப்போதுள்ள வெளிவாசல் நடைபாதை அப்படிப் போராடியவர்களுக்குக் கிடைத்த சிறு பங்கு. அதுவும் போதாது என்பதே என் கருத்து.

அமெரிக்க உளவுத்துறை அணுக்கருவியைத் தொலைத்த கதை உண்மையா? – காப்பிக்கடை நண்பர்கள்

உண்மை. சீனாவின் அணுச் சோதனைகளைக் கவனிக்க 1965-இல் சிஐஏவும் இந்திய உளவுத்துறையும் சேர்ந்து, புளூட்டோனியத்தில் இயங்கும் மின்கலத்தோடு ஒரு கருவியை உச்சிக்குக் கொண்டுபோக முயன்றன. புயல் வந்ததால் வழியில் பாறையோடு கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். மறு ஆண்டு போனால் கருவி இல்லை. பனிச்சரிவு அடித்துப் போயிருக்க வேண்டும். 1978-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதை நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். இன்றுவரை கிடைக்கவில்லை.

2021 பிப்ரவரி 7-இல் ரிஷிகங்கையில் பெருவெள்ளம் வந்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டதும் காணாமல் போனதும் நடந்தபோது, அந்தக் கருவிதான் காரணம் என்று ஊரில் பலர் பயந்தார்கள். ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

அம்மாவுக்கு வயது எழுபது. தேவியைத் தரிசிக்க ஆசைப்படுகிறார். – கோலகங்சார்

லாத்தாவிலேயே நந்தாதேவி கோயில் இருக்கிறது. ஜோஷிமட்டிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில் சாலைப் பயணம், பிறகு ஊருக்குள் மெதுவாக நடக்கலாம். கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உடம்பை எப்படித் தயார் செய்வது? – பலர்

நம் ஊரில் கால் பலத்துக்கும் ஈரத்துக்கும் அட்டைக்கும் பழகலாம், உயரத்துக்குப் பழக முடியாது. கோர்பு உச்சியே 2,183 மீட்டர்தான். ஜோஷிமட் பஜாரில் நிற்கும்போதே கிட்டத்தட்ட 1,900 மீட்டரில் நிற்பீர்கள். தரான்சி 4,200 மீட்டரை ஒட்டியது, அதாவது கினபாலு உச்சியைவிட உயரம். கினபாலுவில் தொட்டுவிட்டு அன்றே இறங்கிவிடுகிறோம், இங்கே அந்த உயரத்தை ஒட்டி இரவு தங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு அதிகமாக உயர்த்தாதீர்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் வீம்பு வேண்டாம், உடனே இறங்குங்கள்.

லாத்தாவிலிருந்து லாத்தா கரக் வரை ஒரே மூச்சான ஏற்றம். தேவதாரு முடிந்து பூர்ஜ மரங்கள் வரும். அதன் பட்டை காகிதம் போல உரிந்து காற்றில் படபடக்கும். மேலே போனால் ரோண்டி, பேதார்தோலி சிகரங்கள் எதிரே நிற்கும். தரான்சிக்கு முன்னால் சத்குலா என்ற பாறைத்தொடர்தான் ஆபத்தான பகுதி. பனி கிடந்தால் வழிகாட்டி படி வெட்டி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் போங்கள். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

டில்லி ஏஜென்சி மலிவாகக் கூட்டிப்போகிறேன் என்கிறது. சேரலாமா? – ஹீவூட் தோட்டம்

வழிகாட்டியும் சுமைகூலிகளும் லாத்தா, ரேணி, தோல்மா ஊர்க்காரர்களா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் விலகிவிடுங்கள். ஆள் ஒன்றுக்கு எத்தனை கிலோ சுமை, கூலி எவ்வளவு, அவர்களுக்கும் காப்புறுதி எடுத்திருக்கிறார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு முன்பணம் கட்டுங்கள்.