பக்கத்து வீட்டுக் கிளை: சுவர் வரைக்கும்தான் உங்கள் உரிமை

கேள்வி: பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று காம்பவுண்டு சுவரைத் தாண்டி எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் நீண்டிருக்கிறது. போன மழையில் சிறு கிளை முறிந்து ஒரு ஷீட் உடைந்தது. ‘மரம் என் இடத்தில் நிற்கிறது, தொடக்கூடாது’ என்கிறார் அந்த வீட்டுக்காரர். மரம் வெட்டும் ஆளோ ‘மொத்தமாக மொட்டையடித்துவிடலாம்’ என்கிறார். நானே வெட்டலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வெட்டலாம், சுவர் வரைக்கும். உங்கள் நிலத்துக்கு மேல் நீளும் கிளையை உங்கள் பக்கம் நின்றபடியே அகற்ற யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1894-ல் லெமன் எதிர் வெப் வழக்கில், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது இது. நம் நீதிமன்றங்களும் இதே வழியில் போகின்றன. ‘முப்பது வருஷமாக இப்படித்தான் இருக்கிறது’ என்ற வாதம் எடுபடாது. ஆனால் அவர் இடத்துக்குள் போனால் அத்துமீறல். வெட்டிய கட்டையும் அவருடையதுதான், விறகுக்கடையில் போட்டுவிடாதீர்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டம் காட்டும் கோடு சுவர். மரத்துக்கு நல்ல வெட்டு விழ வேண்டிய இடமோ, கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்று உப்பலாக இருக்கும் வளையத்துக்கு வெளியே. அங்கே வெட்டினால் மரம் மெல்ல காயத்தை மூடிக்கொள்ளும். சுவர்க்கோட்டில் வெட்டினால் மிஞ்சும் முண்டு காய்ந்து, அழுகல் உள்ளே இறங்கும். மொட்டையடிப்பது இன்னும் மோசம். அதன்பின் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் இருக்காது. பருத்ததும் உங்கள் கூரையில்தான் விழும். சுவருக்கு அந்தப் பக்கம் கத்தி போனால் நஷ்டஈடு வழக்கோடு, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பிரிவு 324-ன் கீழ் சொத்துச் சேதப் புகாரும் வரலாம்.

எனவே உங்களுக்கு வேண்டியது அவருடைய எழுத்துமூலச் சம்மதம். உடைந்த ஷீட்டையும் கிளையையும் படமெடுத்து, கடிதத்தோடு ஸ்பீடு போஸ்டில் ஒப்புகை பெறும்படி அனுப்புங்கள். கவாத்து தெரிந்த ஆள் உள்ளே வந்து அந்த ஒரு கிளையை மட்டும் அடியில் எடுக்க அனுமதி கேளுங்கள். கூலியில் பாதியை நீங்களே ஏற்பதாகவும் எழுதிவிடுங்கள். கட்டாயமில்லைதான்; ஆனால் கோர்ட்டுக்கு நடக்கும் செலவை நினைத்தால் இது ஒன்றுமில்லை. கடிதத்தால் இன்னொரு லாபமும் உண்டு: ஆபத்தை எழுத்தில் தெரிவித்த பிறகு கிளை விழுந்தால், ‘புயல், கடவுள் செயல்’ என்று அவர் தப்பிப்பது கடினம்.

அப்புறமும் மசியவில்லையா? மரமே விழும் நிலையில் இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 152-ன் கீழ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133) கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். இலை கொட்டுகிறது என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார். கிளை மட்டும்தான் பிரச்சினை என்றால் முன்சீப் கோர்ட்டில், கிளையை அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளையும் ஷீட்டுக்கு இழப்பீடும் கேட்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேலையை முடியுங்கள். மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே ஆள் ஏற வேண்டும். கிளையைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்குவது, கூரை உடைந்தால் யார் பொறுப்பு, இரண்டையும் கூலி பேசும்போதே எழுதி வாங்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் மட்டும் யாரையும் ஏறி நிற்க விடாதீர்கள்.